பன்னிரண்டு நிமிடம்

பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீர் மூன்று முறை கொதித்துவிட்டது. மூன்று முறையும் அடுப்பைக் குறைத்தேன், ஆவியாகிப் போனதற்கு ஒரு குவளை ஊற்றினேன், மூடி வைத்தேன். நாலாவது முறை குறைக்கக் கை போனபோதுதான் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மணி எட்டே முக்கால். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் ஒரெஸ்தே வராமல் பாஸ்தா தண்ணீரில் விழாது. அப்பா காலத்து வழக்கம் இது. அவர் வேலை முடிந்து அங்கோனா ரயில் நிலையத்திலிருந்து போன் செய்து "போடு" என்பார். அம்மா அதுவரை பானைக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அப்பா போன பிறகு அந்த "போடு" அண்ணனிடம் போய்விட்டது. யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். இதோ, அறுபத்தோரு வயதில், என் வீட்டில், என் அடுப்பின் முன்னால், இன்னொருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். வெட்கக்கேடு.

என் கணவர் ஆல்தோ இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒண்ணாம் தேதியிலிருந்து துய்லியோ என்னோடு இந்த வீட்டில் இருக்கப் போகிறார். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சாப்பிட வர்றேன். ஆனா அந்தாளோட ஒரே மேஜையில உக்காருவேனான்னு தெரியாது. நான் வராம பாஸ்தாவைப் போட்டுடாதே" என்று சொல்லிப் போனை வைத்தான். அவன் சம்மதம் எனக்கு வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் வேண்டும். ஒரு படகு விஷயத்தில் சித்தப்பா மகனோடு பத்தொன்பது வருஷமாகப் பேசாமல் இருக்கிறவன் அவன். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவேனோ என்றுதான் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாகத் துய்லியோ. என் தங்கை நீவெஸ். ஒரெஸ்தேயின் மனைவி இவானா அண்ணி. அவளை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போன ஆள்தான் இன்னும் வரவில்லை. இறைச்சி அடைத்துப் பொரித்த ஆலிவ் தீர்ந்துவிட்டது. பாலாடைக்கட்டியும் தீர்ந்துவிட்டது.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் போனா மேஜைத் துணியைத்தான் திங்கணும்" என்றாள் நீவெஸ்.

"கார் நிறுத்த எடம் கெடைச்சிருக்காதுடி."

"நாப்பது நிமிஷமாவா? ரோம்லயா போய் நிறுத்தறான்?"

அண்ணி முள்கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். "கார் அப்பவே நிறுத்தியாச்சு, மிரெல்லா" என்றாள் மெதுவாக. "எதிர்லயே எடம் இருந்துச்சு. முனையில இருக்கற காபி பார்ல உக்காந்திருக்காரு. கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும், அப்பத்தான் யார் சொல்லு எடுபடும்னு அந்தாளுக்குத் தெரியும்னாரு. சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னாரு. எனக்குப் பசிக்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. துய்லியோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். காத்திருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, மிரெல்லா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு. உக்காருங்க."

அடுப்பை முழுசாகக் கூட்டினேன். ஒரு கை கல்லுப்பு. பொட்டலத்தைக் கிழித்து, குழல் குழலாக இருக்கும் ரிகாத்தோனி பாஸ்தா முழுவதையும் கொட்டினேன். நாலைந்து தரையில் விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை.

"அண்ணி, அவனுக்குப் போன் போட்டு என்கிட்ட குடுங்க."

போனில் காபிக் கோப்பைகள் இடிபடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, பாஸ்தாவைப் போட்டுட்டேன். பன்னெண்டு நிமிஷம்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"பானையைக் கேட்டேன். நீ இருக்கற எடத்துலேருந்து இங்க ரெண்டு நிமிஷம். நிதானமாவே வரலாம்."

"வெளிய எடு அதை."

"எடுத்து என்ன, கொடியில காயப் போடவா? வா, வந்து சாப்பிடு."

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் என் காது லிஃப்ட் சத்தத்தில்தான் இருந்தது. ஒரு தடவை மேலே வந்தது. எங்களுக்குக் கீழே, மூன்றாவது மாடியிலேயே நின்றுவிட்டது. நீவெஸ் எழுந்து வந்து என் காதோடு, "ஒரு தட்டுக்கு மட்டும் தனியா வேக வச்சுக் குடுத்துடலாம்க்கா. அவனைத் தெரியாதா?" என்றாள். வேறொரு பொட்டலம் அலமாரியில் இருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? வேண்டாம் என்று தலையாட்டினேன். எல்லோருக்கும் ஒரே பானை.

வடித்து, தக்காளித் தொத்திறைச்சிக் குழம்பில் புரட்டி, ஐந்து தட்டுகளிலும் பரிமாறினேன். அவன் தட்டு அவன் இடத்தில். நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். முதல் இரண்டு வாய் எனக்கு ருசியே தெரியவில்லை. அண்ணி மட்டும் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்க்காமல் நன்றாகச் சாப்பிட்டாள்.

அழைப்பு மணி அடித்தபோது ஒன்பது இருபது. நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். ஒரெஸ்தே உள்ளே வந்து மேஜைக்கு எதிரே நின்றான்.

"ஆரம்பிச்சுட்டீங்க."

"முடிக்கப் போறோம்" என்றாள் நீவெஸ்.

அவன் தன் தட்டைப் பார்த்தான். குழம்பின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. "ஆறிப் போச்சு."

"ஆமாண்ணே. சூடா இருந்தப்ப நீ இல்ல."

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். போய்விடுவான் என்றே நினைத்தேன்.

"அவர் ஒண்ணாந் தேதி வர்றாரு. அது முடிஞ்ச பேச்சு" என்றேன். "நீ போனாலும் வர்றாரு. ஆனா நீ போகாதேண்ணே. நீ இங்க இருக்கணும் எனக்கு." கடைசிச் சொல் கெஞ்சலாக வந்துவிட்டது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

ஒரெஸ்தே உட்கார்ந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டைக் கழற்றவில்லை. துய்லியோ பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆறி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட ரிகாத்தோனியைக் குத்திக் குத்தி, தலை நிமிராமல் கடைசிவரை தின்றான். துய்லியோ ரொட்டிக் கூடையை அவன் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தார். அது அங்கேயே இருந்தது. அப்புறம் அண்ணன் கையை நீட்டி அதிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, தட்டில் இருந்த குழம்பை ஓரத்திலிருந்து நடுவரைக்கும் சுற்றிச் சுற்றித் துடைத்தான், கோட்டின் கைநுனி சிவப்பாவதுகூடத் தெரியாமல்.