குழாய் திறப்பவர்

தீவில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று யாராவது தலைவர் காதுபடச் சொல்லிவிட்டால் போச்சு, மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"தண்ணி எங்கய்யா குறைஞ்சுது? அது அப்படியேதான் இருக்கு. குடிக்கிற வாய்தான் கூடிப்போச்சு!"

அவர் தீவு மக்கள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். மனைவி ஒருத்தியைத் தவிர எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். அந்த நாளில் காலையில் ஒரு படகு வரும், மாலையில் ஒரு படகு போகும், நடுவில் அவர் தூங்குவார். இப்போதோ ஒரு படகு கயிற்றை அவிழ்ப்பதற்குள் அடுத்தது வந்து முட்டுகிறது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மேல் தலைவருக்கு வருத்தமே கிடையாது. பாவம், இரண்டு நாள் இருப்பார்கள், நாலு தடவை குளிப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்குச் சமைக்கவும் படுக்கை விரிக்கவும் துணி வெளுக்கவும் வந்தார்களே, அவர்கள்தான் போகாமல் ஒட்டிக்கொண்டார்கள். கிணறுகள் எல்லாம் உப்புக் கரித்துப்போய், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை நம்பித்தான் தீவே இருக்கிறது. ஆலையோ, பதிவான தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு அளந்துதான் விடும். பதியாத தலைகளும் அதே குழாயில் வாய் வைத்தால் என்ன ஆகும்?

"போட்டுல இடம் இருக்குன்னா தீவுல இடம் இருக்குன்னு அர்த்தமா?" என்று தலைவர் கூட்டத்தில் கேட்டால் கைத்தட்டல் அடங்க நேரமாகும். இந்த ஒரு வரியை வைத்தே அவர் மூன்று தடவை தலைவரானார்.

இவ்வளவு பேசுகிற மனிதரின் மொட்டைமாடியில் தகரக்கூரை போட்டு நாலு அறைகள் இருந்தன. அதில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? வேறு யார் இருப்பார்கள்! பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை செய்யும் ஒரு பெண், சமையல்கட்டில் நிற்கும் அவள் கணவன், அறை துடைக்கும் தம்பி, தம்பி மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் லாண்டரியக்கா. "அது வேற விஷயம்" என்பார் தலைவர். எப்படி வேறு என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மாடிக் குழாய்க்கு அவர் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். காலையில் அரை மணி நேரம் திறந்துவிட்டு, பக்கத்திலேயே நின்று, நேரம் முடிந்ததும் பாதி வாளி நிரம்பியிருந்தாலும் சரி, பூட்டிவிடுவார். சாவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் தீவு நிர்வாகம், பதியாமல் தங்கியிருப்பவர்களைக் கண்டுபிடிக்க வீடு வீடாகக் கணக்கெடுப்பு வைப்பதாக அறிவித்தது. எப்படி எடுப்பது என்று சங்கத்திடம் யோசனை கேட்டது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தின் செயலாளரான மருந்துக்கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவரே விதிகளைச் சொன்னார்.

"காகிதத்தை நம்பாதீங்க. காகிதம் கடையில கிடைக்கும். அந்தந்த வீட்டுல பதிவான ஒருத்தர் வாசல்ல நின்னு, 'இவர் எங்க வீட்டு ஆள், இவரால தீவுக்கு இன்ன பிரயோஜனம்'னு வாயால சொல்லணும். சொல்ல ஆள் இல்லையா, சாயங்கால போட்டுல ஏத்து!"

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா ஆகாதா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"ஆகவே ஆகாது. அப்புறம் தெருவுக்குத் தெரு சாட்சி வாடகைக்குக் கிடைக்கும். பொய் சொன்னா சொன்னவன் வீட்டுக் குழாயையும் மூடு. அப்புறம், கணக்கெடுப்பு முடியறவரைக்கும் புதுசா ஒரு ஈ எறும்பைக்கூடப் பதியக் கூடாது. அதையும் எழுதுங்க."

மருந்துக்கடைக்காரர் எழுதினார். நிர்வாகம் ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டது. கணக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. தலைவர் வீட்டுக்கு வந்த கையோடு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சனிக்கிழமைக்குள்ள அறையைக் காலி பண்ணிடணும்மா! சங்கத் தலைவர் வீட்டுலயே ஆள் பிடிபட்டா நல்லாவா இருக்கும்?"

மேலேயிருந்து, "சரிங்க சார்" என்று மட்டும் பதில் வந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள், "எல்லாம் சரிங்க, நமக்கு யார் வந்து சொல்லப்போறா?"

"நமக்கா? நமக்கு எதுக்குடி?"

"நம்ம பதிவு இங்கயா இருக்கு?"

தலைவரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

விஷயம் இதுதான். மகன் கல்லூரிக்குப் போன வருஷம், அக்கரையில் பதிவுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே முதலில் இடம் என்று ஒரு சட்டம் இருந்தது. தலைவர் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பதிவையும் மனைவி, மகன் பதிவையும் மனைவியின் அக்கா வீட்டு விலாசத்துக்கு மாற்றினார். இடம் கிடைத்தது. மகன் படித்து, வேலைக்குப் போய், அக்கரையிலேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டான். பதிவு மட்டும் திரும்பி வரவில்லை. மனைவி நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினாள். "நான் பொறந்த மண்ணுடி இது, என்னை எவன் கேப்பான்?" என்று இவர் தட்டிக்கழித்துவிட்டார். கேட்பதற்கு ஆளையும் ஏற்பாடு பண்ணி, எப்படிக் கேட்பது என்று சொல்லியும் கொடுத்துவிட்டு இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான்.

மறுநாள் பதிவு அலுவலகம் திறப்பதற்கு முன்பே அவர் படியில் நின்றார். உள்ளே இருந்த குமாஸ்தாப் பெண் மிகவும் மரியாதையாக எழுந்து நின்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். கணக்கெடுப்பு முடியும்வரை புதிய பதிவு கிடையாது.

"அது வெளியாளுங்களுக்கும்மா."

"நீங்க சொன்னதுதானே சார்? ஈ எறும்புன்னு இருந்துச்சு. அதை மட்டும் எடுத்துட்டோம், நாகரிகமா இருக்கட்டும்னு."

"என் வீடு இங்க இருக்கு. என் பேர்ல இருக்கு. நான் எப்படிம்மா வெளியாள்?"

"வீடு தீவோடது சார். நீங்கதான் அக்கரைக்காரர்," என்றாள் அவள், குரலில் கொஞ்சம்கூடக் கிண்டல் இல்லாமல். அதுதான் இன்னும் குத்தியது.

"அப்ப இத்தனை வருஷமா எங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வந்துச்சாம்?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்க வீட்டுல நாலு பேர் பதிஞ்சிருக்காங்க. நாலு தலைக்குத் தண்ணி வருது. ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க. மொட்டைமாடின்னு போட்டிருக்கு."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பதிவான வேலையாட்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்கு ஹோட்டலுக்கும் தண்ணீர் கூடும் என்று ஒரு காலத்தில் விதி வந்தது. ஹோட்டல் மேனேஜர் வந்து, இனிப்புப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்து, மாடியில் இருப்பவர்களைப் பதிய வீட்டு உரிமையாளர் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார். தலைவர் இனிப்பைத் தின்றுகொண்டே போட்டுக் கொடுத்தார். ஆக, பதியாமல் தங்கியிருக்கிறவர்கள் மாடியில் இல்லை, கீழே ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அவர் பூட்டிப் பூட்டித் திறந்தது மாடிக்காரர்களுடைய தண்ணீரை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த சிரிப்பு அது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மேல போய்க் கேளுங்க. அவங்க போயிட்டா நாளன்னைக்கு நாமதான் போட்டுல," என்றாள்.

"நானா? அவங்ககிட்டயா?"

"இல்லைன்னா எங்கக்கா வீட்டுல போய் இருந்துக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

மனைவியின் அக்கா வீடு என்றதும் தலைவர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டவே வேண்டாம் என்றார். அந்த அம்மாளின் கணவர் சாப்பாட்டு நேரம் முழுக்க அரசியல் பேசுவார். அது போகட்டும். பிறந்து, டிக்கெட் கிழித்து, தலைவராகி, கடைசியில் தன் வீட்டைப் பார்க்க சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வருவதா? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மாடியேறினார்.

லாண்டரியக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் எல்லாம் ஒரு போர்வைக்குள் போயிருந்தன. தம்பி மனைவி துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, இவ்வளவு அவசரம்!" என்றார் தலைவர் பல்லைக் காட்டி.

"நீங்கதானே சார் சனிக்கிழமைக்குள்ளன்னீங்க. தம்பி வேற இடம் பாத்துட்டான். இன்னைக்கு ராத்திரி மாறிடுவோம்."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா. அதைப் போய்... அறை வசதியா இருக்கா? கூரை ஒழுகுதா?"

"ஒழுகுதுன்னு போன மழைக்கே சொன்னேனே சார்."

"சொன்னியா? சொல்லியிருப்பே. நாளைக்கே ஆளைக் கூப்பிடறேன்."

லாண்டரியக்கா போர்வை முடிச்சைப் போடாமல் அவரையே பார்த்தாள். ஹோட்டல் விரிப்புகளில் எது எந்தக் கறை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. "என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்று நேராகவே கேட்டாள்.

சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னார். பாதியை விழுங்கி, மீதியைத் தொண்டையைச் செருமிச் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"பொய் சொன்னா எங்க தண்ணி போயிடும்னு போட்டிருக்கே சார்."

"பொய் வேணாம்மா. உள்ளதைச் சொன்னா போதும்."

"உள்ளதைத்தானே? சரி சார்," என்றாள் அவள்.

இந்தச் 'சரி சார்' என்ன சரி என்று யோசித்து யோசித்துத் தலைவர் சனிக்கிழமை முழுக்கக் கூரை ஒட்டும் ஆளுக்கு ஏணி பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுப்பு அதிகாரி வந்தார். அக்கரையிலிருந்து புதிதாக வந்த இளைஞர், யாரையும் தெரியாது. கூட மருந்துக்கடைக்காரர், சங்கத்தின் சார்பில். தெருவே வேடிக்கை பார்க்க நின்றது.

"இந்த வீட்டுல பதிவானவங்க யாரு?"

தலைவர் பழக்கதோஷத்தில் ஒரு அடி முன்னால் வைத்து, சட்டென்று பின்னால் எடுத்துக்கொண்டார். லாண்டரியக்கா வந்து நின்றாள். மருந்துக்கடைக்காரரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் யாரும்மா?"

"எங்க வீட்டுல இருக்கறவங்க."

"உங்களுக்கு என்ன உறவு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் அண்ணி மாதிரி."

"மாதிரின்னு எல்லாம் எழுத இடம் இல்லம்மா. அண்ணன்னா அண்ணன்."

"அப்ப அண்ணன்னே போட்டுக்கங்க சார். வயசுல பெரியவர்தானே."

"அந்தம்மா என்ன பண்றாங்க?"

"அண்ணி எங்க எல்லாருக்கும் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுப்பாங்க. அண்ணனுக்குத் தெரியாது," என்றாள் லாண்டரியக்கா. மனைவி தரையைப் பார்த்தாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்ததாக, தலைவர் தன் வாயாலேயே சொல்லி எழுதவைத்த கேள்வியைக் கேட்டார்: "சரி, இவரால தீவுக்கு என்ன பிரயோஜனம்?"

லாண்டரியக்கா தலைவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை தீர்மானம்! அதில் ஒன்றாவது இவள் நினைவுக்கு வரக்கூடாதா?

"வாடகை வாங்குவாரு," என்றாள் கடைசியில்.

"அது வேலை இல்லம்மா. உடம்பால ஏதாவது செய்யறாரா? இல்லைன்னா நான் ஒண்ணும் எழுத முடியாது."

துறையில் மாலைப் படகின் சங்கு ஊதியது. மனைவி தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் காலைல குழாயைத் திறந்துவிடுவாரு சார்," என்றாள் லாண்டரியக்கா. "ஒருநாள்கூடத் தவறினது இல்ல. கடைசிவரைக்கும் நின்னு மூடிட்டுத்தான் போவாரு. ஒரு சொட்டு வீணாப் போகாது."

அதிகாரி முகம் மலர்ந்தது. "அது போதும்மா. இந்தத் தீவுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்." கொட்டை எழுத்தில் எழுதினார்: குழாய் திறப்பவர். தங்கை பொறுப்பில் தங்கியிருக்கிறார்.

தலைவருக்கு உயிர் வந்தது. மானம் போன சத்தம் அப்புறம்தான் கேட்டது.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அண்ணே, குழாய்!" என்று லாண்டரியக்காவின் குரல். நேற்றுவரை சார். தலைவர் சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். மனைவியும் வாளியோடு பின்னால் வந்து வரிசையில் நின்றாள். அரை மணி நேரம் ஆனது. கை தன்னால் திருகுக்குப் போனது.

"இன்னும் ஒரு வாளி இருக்குண்ணே," என்றாள் லாண்டரியக்கா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தலைவர் கையை எடுத்துக்கொண்டார்.

மாடியிலிருந்து படகுத்துறை தெரிந்தது. முதல் படகு வந்து நின்று, பையும் மூட்டையுமாக ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தலைவருக்குப் பழைய ரத்தம் கொதித்தது.

"பாத்தியாம்மா? இப்படியே வந்துக்கிட்டிருந்தா நாம எல்லாம் எங்க போறது?"

லாண்டரியக்காவும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "அதைத்தான்ணே நானும் நினைக்கறேன். வாரத்துக்கு வாரம் வராங்க. இருக்கற தண்ணி நமக்கே பத்தல. போட்டுல இடம் இருந்தா ஆச்சா?"

"சங்கத்துல பேசணும்மா இதை!" என்று கத்திய தலைவருக்கு அப்புறம்தான் உறைத்தது. பதிவில்லாதவர் சங்கத்தில் வாய் திறக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட விதிதான்.

"நான் பேசறேன்ணே. எனக்குத்தான் கோர்வையா வராது. நீங்க எழுதிக் குடுங்க."

தலைவர் துள்ளிக்கொண்டு கீழே இறங்கி, பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு வார்த்தை அருவியாகக் கொட்டியது. அடுத்தவர் பொறுப்பில், அடுத்தவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, பதியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்களை என்ன செய்யலாம் என்று ஆவேசமாக எழுதித் தள்ளினார். மனைவி வாளியை இறக்கி வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள். "நம்ம துணிமணி எல்லாம் இப்பவே எடுத்து வச்சிடட்டுமா?"