டாக்கெட் எதிர்த்த விதம்

லாமர் கிட்ரெலுக்கு வந்த சோதனை எதிரிக்கும் வரக் கூடாது. தன் பாலினத்தவரையே விரும்பும் கே ஆட்கள் இனி ஒளிவுமறைவு இல்லாமல் பட்டாளத்தில் இருக்கலாம் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டாயிற்று. போட்ட கையோடு அமலுக்குக் கொண்டுவந்திருக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை. செப்டம்பர் இருபதாம் தேதிதான் அமல், அதற்குள் சிப்பாய்கள் அத்தனை பேரும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும் என்றார்கள். டெக்சாஸில் ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கிட்ரெல் இருந்த பாளையத்தில் வகுப்பை முடிக்காமல் மிச்சம் இருந்தது வண்டிப் பட்டறைக் கூட்டம் மட்டும்தான். பாடம் எடுக்க ஆள் தேடிய மேலிடம், "பேச்சு சுத்தமா இருக்கும், பதற மாட்டான்" என்று சார்ஜென்ட் கிட்ரெலைப் பிடித்துப் போட்டது.

கிட்ரெல் கே. மேலிடத்துக்கு அது தெரியாது.

பத்தொன்பது வருஷமாக யாருக்கும் தெரியாமல்தான் வைத்திருந்தான். பழைய சட்டம் அப்படி. மேலதிகாரி கேட்கக் கூடாது, சிப்பாய் சொல்லக் கூடாது. வாய்தவறிச் சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்னும் ஒரே வருஷம் ஓட்டிவிட்டால் பென்ஷன், நடுவில் வெளியே தள்ளினால் ஒன்றும் கிடையாது. அதனால் தங்கச்சியின் போட்டோவை டூல்பாக்ஸ் மூடியில் ஒட்டிவைத்திருந்தான். யார் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவான், காதலி என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் பதினோரு வருஷமாகக் கூட இருப்பவன் நோலன். ஊருக்குள் சூப்பர் மார்க்கெட்டில் கறி வெட்டிக் கொடுக்கிறவன். அவனை அழைத்துக்கொண்டு கிட்ரெல் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூடப் பாளையத்துக்குள் போனதில்லை.

வகுப்பு நாளன்று காலையில் நோலன் பிஸ்கெட் ரொட்டியின் மேல் கிரேவிக் குழம்பை ஊற்றிக்கொண்டே கெஞ்சினான்.

"இதப் பாரு, குடுத்ததை அப்படியே படிச்சிட்டு வந்துரு. வீரம் காட்டாத."

"நான் என்னிக்கு வீரம் காட்டியிருக்கேன்?"

"உன் காது செவக்குது பாரு, அதைத்தான் சொல்றேன். கொஞ்ச நாள்தான் பாக்கி. இவ்வளவு நாள் பொறுத்தோம், கரை தெரியுற எடத்துல வந்து முங்கிறாத."

"சரிப்பா, சரி."

சொல்லிவிட்டானே ஒழிய, கிட்ரெலுக்கு உள்ளே குமைச்சல்தான். அவனுடைய பெரிய மனத்தாங்கல் சட்டத்தின் மேல்கூட இல்லை, ஹாலிஸ் டாக்கெட் மேல். டாக்கெட் பட்டறையில் அவனுக்கு அடுத்த ஆள். ஈராக்கில் ஒரே கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கிடந்தவர்கள் இருவரும். டாக்கெட்டின் குறட்டைக்கு பூட்ஸை எடுத்து எறிகிற உரிமை கிட்ரெலுக்கு மட்டும்தான் உண்டு. அப்பேர்ப்பட்டவன் இந்தச் சட்டப் பேச்சு கிளம்பிய நாள் முதல் காபி குடிக்கிற நேரமெல்லாம் எதிர்த்துப் பேசினான். "பட்டாளம் சண்டை போடுறதுக்கா, இல்ல இந்த மாதிரி சோதனை பண்ணிப் பாக்குறதுக்கா? எங்க பாஸ்டர் சரியாத்தான் சொல்றாரு," என்பான். இளவட்டங்கள், "போங்க சார்ஜென்ட், இப்ப யாரு இதையெல்லாம் பாக்குறா?" என்று கிண்டலடிப்பார்கள். கிட்ரெல் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பேச்சு அவனை எவ்வளவு சுட்டது என்று நோலனிடம்கூட அவன் முழுதாகச் சொன்னதில்லை.

வகுப்பறையில் குளிர்சாதனம் பேருக்கு ஓடியது. கிரீஸ் நாற்றத்தோடு நாற்பது பேர் இரும்பு நாற்காலிகளில் சரிந்து கிடந்தார்கள். கடைசி வரிசையில் மேலிடத்திலிருந்து வந்த கேப்டன் ஸ்ட்ராஹன், பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க. முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

கிட்ரெல் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே படித்தான். "செப்டம்பர் இருபது வரைக்கும் பழைய சட்டம்தான் செல்லும். அதுவரைக்கும் யாராவது தான் கேன்னு சொன்னா, நடவடிக்கை உண்டு." தன் தலைக்கான தண்டனையைத் தானே வாசிப்பது போல் இருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை, மேலிடம் ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. குளியலறையில் தடுப்பு வருமா என்று ஒருவன் கேட்டான், வராது என்றான். பாதிரியார்கள் பிரசங்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று இன்னொருவன் கேட்டான், வேண்டியதில்லை என்றான். டாக்கெட் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உர்ரென்று இருந்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெக்கம் என்ற சிப்பாய் கையைத் தூக்கினான். நல்ல பையன்தான், வயிறு மட்டும் கடிகாரம் மாதிரி.

"சார்ஜென்ட், ஒண்ணு சொல்லட்டா? கடவுள் புண்ணியத்துல நம்ம பட்டறையில அந்த மாதிரி ஆளு ஒருத்தனும் கிடையாது. அப்புறம் நமக்கு எதுக்கு இந்தப் பாடம்? சாப்பாட்டுக்குப் போலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். வன்மம் இல்லாத சிரிப்பு. ஆனால் அந்தக் 'கடவுள் புண்ணியம்' கிட்ரெலின் நெஞ்சில் தைத்துவிட்டது. இந்தப் பையனுக்கு பிரேக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். இவன் அம்மா செத்தபோது விடிய விடிய வண்டி ஓட்டி ஊரில் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். நான் இல்லாதது இவர்களுக்குக் கடவுள் புண்ணியமா? காது ஜிவ்வென்று சிவந்தது. கையிலிருந்த ரிமோட்டை மேஜைமேல் வைத்தான்.

"ஒருத்தனும் இல்லைன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்றான். அறை அடங்கியது. கேப்டன் தலை நிமிர்ந்தார். "இருக்கான் பெக்கம். வேற எங்கயும் தேட வேணாம். இதோ இங்கயே, உன் முன்னாடியே—"

தடால் என்று ஒரு சத்தம். டாக்கெட்டின் நாற்காலி மல்லாக்க விழுந்து கிடந்தது. டாக்கெட் எழுந்து நின்றிருந்தான், முகமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"நிறுத்துங்க சார்ஜென்ட்! எனக்கு ஒரு சந்தேகம்!"

"நான் பேசிட்டிருக்கேன், டாக்கெட்."

"பேசினது போதும், இப்ப என் முறை! குடும்பக் குடியிருப்புல புல்லு வளந்தா நோட்டீஸ் ஒட்டுறாங்களே, வீட்டுல ரெண்டும் ஆம்பளையா இருந்தா நோட்டீஸை யாரு பேருக்கு ஒட்டுவீங்க? சொல்லுங்க! அதுக்குப் படம் இருக்கா உங்ககிட்ட?"

அறை கொல்லென்று சிரித்தது. கிட்ரெல் வாயைத் திறந்தான். டாக்கெட் விடவில்லை.

"இருங்க, முடிக்கல! மனைவிமார் சங்கத்துல வருஷா வருஷம் சில்லிக் கறிக்குழம்புச் சமையல் போட்டி நடக்குது. எங்க டார்லீன் மூணு தடவை கப்பு வாங்கினவ. நாளைக்கு எவனோ ஒரு சார்ஜென்ட்டோட ஆளு, கறிக்கடையில வேலை பாக்குறவன், கூடையைத் தூக்கிட்டு வந்து நின்னான்னு வைங்க. வீட்டுல நல்ல கறி, கையில நல்ல கத்தி. எங்க டார்லீன் கதி என்ன ஆறது? இதுக்குப் பென்டகன் பதில் சொல்லுமா?"

சிப்பாய்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கிட்ரெல் மட்டும் சிரிக்கவில்லை. கறிக்கடை என்ற சொல் காதில் விழுந்ததும் டாக்கெட்டைப் பார்த்தான். டாக்கெட்டின் வாய்தான் கத்திக்கொண்டிருந்ததே தவிர, கண் அப்படிக் கத்தவில்லை. வாயை மூடித் தொலையேன்டா, பாவி என்று அது மன்றாடிக்கொண்டிருந்தது.

டாக்கெட்டுக்குத் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியும்.

"சார்ஜென்ட் டாக்கெட்!" கேப்டன் எழுந்துவிட்டார். "இது என்ன சந்தைக்கடையா? நாற்காலியை நிமிர்த்துங்க. வெளிய போங்க. நீங்க இந்த வகுப்பை முடிச்சதாக் கணக்கு இல்ல. சனிக்கிழமை வேற பிரிவோட உக்காந்து மொதல்ல இருந்து கேப்பீங்க."

"சரிங்க மேம்," என்று டாக்கெட் நல்ல பிள்ளையாகச் சொன்னான். நாற்காலியை நிமிர்த்தினான், தொப்பியை எடுத்தான், போய்விட்டான்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, சார்ஜென்ட் கிட்ரெல்?" என்றார் கேப்டன்.

கிட்ரெல் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "எந்தப் பட்டறையிலயும் இருக்கலாம்னு சொல்ல வந்தேன், மேம். அடுத்த படம்."

வகுப்பு முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போனான். டாக்கெட் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஹாலிஸ், நீ எனக்காக—"

"பேசாத." டாக்கெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ எதுனா சொல்லி என் காதுல விழுந்துச்சுன்னா நான் மேல சொல்லியாகணும். நான் போட்டுக்குடுக்கிற ஜாதி இல்ல. ஆகவே வாயைத் தெறக்காத. தேதி வரட்டும்."

"நீ இந்தச் சட்டத்துக்கே எதிரின்னு நெனச்சேன்."

"எதிரிதான்! இப்பவும் எதிரிதான். பாஸ்டர் சொல்றது சரின்னுதான் தோணுது." சோப்பை வீணாகத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அதுக்காக? பத்தொம்பது வருஷம் மாடா உழைச்சவனை, பென்ஷன் வர்ற நேரத்துல வெளிய அனுப்பச் சொல்றியா? நீ ஒரு முட்டாப் பய, லாமர். அந்தம்மா பின்னாடி உக்காந்திருக்கு, நீ பெரிய இவனாட்டம் பேச ஆரம்பிக்கிற. என் சனிக்கிழமை போச்சு. மீன்பிடிக்கப் போலாம்னு இருந்தேன்."

கிட்ரெலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டை எடுத்து நீட்டினான்.

அன்று வீட்டில் நடந்ததைக் கேட்டு நோலன் தலையில் அடித்துக்கொண்டான். "உசிரைக் கையில புடிச்சிட்டு இருந்தேன், நீ இந்தக் கூத்தடிச்சிட்டு வந்திருக்கியா!" என்று வைதுவிட்டு, அப்புறம் சில்லி விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் வந்த வாரங்கள் கிட்ரெலுக்குச் சுகமாகவே கழிந்தன. டாக்கெட் காபி நேரத்தில் எதிர்த்துப் பேசினாலும் இப்போது சுடவில்லை. கத்தட்டும், அவன் கத்தினால்தான் எனக்கு நிம்மதி என்று நினைத்துக்கொள்வான்.

செப்டம்பர் இருபது செவ்வாய்க்கிழமை. வானம் இடிந்து விழவில்லை. வழக்கம்போல் ஓட்டம், வழக்கம்போல் அணிவகுப்பு, வழக்கம்போல் நாலு லாரி கிளம்ப மாட்டேன் என்று மக்கர் பண்ணின. டாக்கெட் இரண்டு காபியோடு வந்து ஒன்றைக் கிட்ரெலிடம் கொடுத்தான்.

"இன்னிக்குத்தானே?"

"இன்னிக்குத்தான்."

"நேத்து வரைக்கும் கேக்கக் கூடாது. இன்னிக்குக் கேக்கலாமில்ல?"

"கேக்கலாம்."

டாக்கெட் தொண்டையைச் செருமிக்கொண்டான். பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு கூச்சப்பட மாட்டான். "வீட்டுல... கூட யாரு இருக்கா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கொட்டகைக்குள் அந்தப் பெயரைக் கிட்ரெல் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

"நோலன்," என்றான் மெல்ல.

"கம்ப்ரஸர் ஓடுது, கேக்கல. சத்தமா சொல்லு."

"நோலன்! அவன் பேரு நோலன்!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஸ்பேனர்கள் நின்றன. பெக்கம் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான், எதுவோ புரிந்து முகம் வெளிறினான், "சார்ஜென்ட், அன்னிக்கு நான்... சும்மா பசியில..." என்று குழறினான்.

"வேலையைப் பாருடா," என்றான் கிட்ரெல். பெக்கம் நன்றியோடு லாரிக்கு அடியில் போய்விட்டான். ஸ்பேனர்கள் மறுபடி சத்தம் போட்டன.

டாக்கெட் ஒரு வாய் காபி குடித்தான். "நோலன்தான்னு எனக்கு நாலு வருஷமாத் தெரியும். அவன்கிட்டதான் கறி வாங்குறேன், சட்டையில பேரு குத்தியிருக்கான். நீ கடைக்கு வந்தா, வீட்டுக்கு வேண்டியதெல்லாம் எடுத்தியான்னு உன் கூடையை மட்டும் ரெண்டு தடவை பாப்பான்."

"அப்புறம் எதுக்குடா கேட்ட?"

"நீ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு," என்றான் டாக்கெட்.

கிட்ரெல் பக்கத்தில் நின்ற லாரியின் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு வெகுநேரம் எஞ்சினைப் பார்த்தபடி நின்றான். அந்த லாரியில் ரிப்பேர் எதுவும் இல்லை.