காலி ஃபோல்டர்

மூன்றாவது முறையும் அதே சிவப்பு வரி. கிளையன்ட் ஏறவில்லை. இந்த மருத்துவமனையின் ஒன்பது வருட ஸ்கேன் படங்களைப் பழைய சர்வரிலிருந்து பக்கத்துக் கட்டிடத்து ஆறு சர்வர்களுக்கு மாற்ற வேண்டும். அந்த ஆறையும் இங்கே ஒரே ஃபோல்டராகக் காட்டுகிற மென்பொருள்தான் கிளையன்ட். ஏசிக் குளிரில் விரல் விறைக்க, காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டியதில் பதினொரு மணிக்குக் காரணம் பிடிபட்டது. போன வாரம் யாரோ புண்ணியவான் இந்தப் பழைய சர்வரின் கெர்னலை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்திருக்கிறார். பழையது குப்பை என்று அதை நீக்கியும் விட்டார். கிளையன்டோ பழைய கெர்னலுக்காகச் செய்தது. கிளையன்டின் புதிய பதிப்பு கைக்கு வர நான்கு நாளாகும். யாரோ என்ன யாரோ, சித்தப்பாதான்.

சித்தப்பா இங்கே என் மேலதிகாரி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே, அதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறவரும் அவரே. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அந்த ஃபோல்டருக்குள் படங்களைக் காப்பி செய்ய ஓடவிட்டு, படிவமும் பேனாவுமாக நின்றார். வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால், சாயங்காலம் ஆள் வந்து இந்த சர்வரைத் துடைத்து அழித்துவிடுவார்கள்.

"பாரு, ஜோரா போகுது. இதுக்குப் போய் காலைல இருந்து நோண்டிட்டிருந்தே."

"எங்கயும் போகல சித்தப்பா. கிளையன்ட் ஏறலன்னா அது இதே சர்வர்ல இருக்கற காலி ஃபோல்டர். இங்கேயே ரெண்டாவது தடவ எழுதிட்டிருக்கு."

"ஆபீஸ்ல சார்னு சொல்லு. இன்னிக்கே முடியும்னு டைரக்டர்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். என் மானத்த வாங்காத. உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. பயமாகவும் இருந்தது. சித்தப்பா சொல்வதைக் கேட்டு நடந்துகொள் என்று அப்பா காலையில்கூடச் சொல்லி அனுப்பினார். இரண்டு வருடமாக அப்படித்தான் தலையாட்டி வருகிறேன். ஆனால் இந்தப் படங்கள் போனால், ஒருத்தியின் கட்டி போன வருடத்தைவிட வளர்ந்ததா, சுருங்கியதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அவள் எந்தச் சித்தப்பாவிடம் போய்க் கேட்பாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்வருக்குப் பின்னால் போனேன். பக்கத்துக் கட்டிடத்துக்குப் போகிற ஒரே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

"அடிப்பாவி! என்ன பண்ற?"

கேபிளின் முனையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒயர் என் கையில இருக்கு சார். இப்ப அந்த ஆறு சர்வருக்கும் எது வழியா போகுதுன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். சர்வரோடு நேராக மாட்டியிருந்த திரையில், காப்பியான படங்களின் எண்ணிக்கை ஒரு கணமும் தயங்காமல் ஏறிக்கொண்டே போனது.