பத்தாவது ஆள்

சோபாக்காரரின் பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். பத்தாவது ஆளைச் சேர்த்தால் தொழிற்சாலை என்று பெயராகிவிடும்; தீயணைப்புச் சான்று, தனிக் கழிப்பறை, கூடுதல் வரி எல்லாம் வாசலில் வந்து நிற்கும். அதனால் வளராமல் பார்த்துக்கொண்டார். மெஷினில் உறை தைக்கும் மனைவி கணக்கில் சேர்த்தியில்லை. யாராவது கேட்டால், "அவ சும்மாதான் இருக்கா" என்பார்.

ஒரு திரையரங்கின் இருக்கைகளையெல்லாம் புதுப்பிக்கும் வேலை வருவதாக இருந்தது. ஒன்பது பேரால் ஆகாது. விடவும் மனசில்லை.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு வரி இல்லை, ஆள் கணக்கும் இல்லை. வேலையில்லாமல் இருப்பவரைச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று மானியம். ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் எப்படியும் நடத்திக்கொண்டுதானே இருப்பார்கள்.

வரி ஆலோசகர் வழி சொன்னார். மனைவி பெயரில் புது நிறுவனம், பட்டறைக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு. மரவேலை இந்தப் பக்கம், தையல் அந்தப் பக்கம். சும்மா பேருக்குத்தான் என்று சொல்லி மனைவியிடம் கையெழுத்து கேட்டார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

தடுப்பைப் பார்க்க வந்த அதிகாரி, கதவு வைத்துக்கொள்ளலாம், தாழ்ப்பாள் மட்டும் புது நிறுவனத்தின் பக்கம் இருக்க வேண்டும் என்றார். சோபாக்காரர் தன் கையாலேயே திருகாணி முடுக்கினார்.

முதலில் கதவு திறந்தே கிடந்தது. மரத்தூள் துணியில் படிகிறது என்று அவள் சாத்தினாள். பிறகு தாழ்ப்பாள் போட்டாள். வீட்டில் அவர் பேச்செடுத்தால், தொழில் விஷயத்தைப் பட்டறையில் வந்து பேசச் சொன்னாள்.

திரையரங்க மேலாளர் இரண்டு பக்கமும் விலை கேட்டார். வரி கட்டாதவள் சொன்ன விலைக்கு வரி கட்டுகிறவரால் இறங்க முடியவில்லை. வேலை அந்தப் பக்கம் போனது. பின்னாலேயே ஒன்பது பேரும் போனார்கள். வேலையை விட்டு நின்று ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் போதும், வேலையில்லாதவர் ஆகிவிடலாம்.

சோபாக்காரர் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள்.

"ஸ்பிரிங் கட்டத் தெரியுமா?"

"என்னடி கேள்வி இது?"

"இங்க 'டி' எல்லாம் வேணாங்க. எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க."

அடுத்த மாதம், சட்டத்தால் விளைந்த நன்மையைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். புது முதலாளி ஒருவர், புது வேலைகள் பத்து. அவருக்கு மிகுந்த திருப்தி. மூலையில் குனிந்து ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்த பத்தாவது ஆளிடம், இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

மெஷின் சத்தம் நின்றது. மானியம் அந்தப் பதிலில் இருந்தது.

"சும்மாதான் இருந்தேன் சார்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.