ஆட்டுக்குட்டியின் காதில் ஒரு பெருவிரல்

விடியும் முன்பே பத்மாசனி மல்லாவியில் பஸ் ஏறிவிடுவாள். பக்கத்து இருக்கையில் இடுப்பில் செருகிய கைக்குட்டையை, தன் லேஞ்சியை, விரித்துப் போடுவாள். யார் வந்து உட்காரப் பார்த்தாலும் ஒரே பதில்தான்: "ஆள் இருக்கு." வழியில் ஏறும் சுகந்தினிக்கான இடம் அது. கிளிநொச்சி வரும்வரை சுகந்தினி கண்ணை மூடிக்கொண்டு வருவாள். அந்தக் கண்களுக்கு அதன்பிறகு அன்றைக்கு ஓய்வு கிடையாது.

வெளிச்சம் வருவதற்குள் வேலை தொடங்கிவிடும். யோகநாதன் முதலாளியின் பழைய அரிசி ஆலை இப்போது 'திரைப்படப் பாதுகாப்பு நிலையம்'. பெயர்ப்பலகை மாறியதே தவிர கூரை மாறவில்லை. வெளிநாட்டில் எப்போதோ கையால் வரைந்து எடுத்த கார்ட்டூன் படங்களில் படிந்த தூசியையும் கீறலையும், கூரையிலிருந்து உமித்தூசு தலையில் கொட்டக் கொட்ட, இந்தப் பெண்கள் கொம்பியூட்டர் திரையில் மின்பேனாவால் படம் படமாகத் துடைப்பார்கள். ஓர் ஆட்டுக்குட்டி குடையைப் பிடித்தபடி வேலியைத் தாண்டுவதற்குள் ஒருத்தியின் காலைப்பொழுது போய்விடும், கழுத்தும் மரத்துவிடும். குளிரூட்டி இருப்பது இயந்திரங்களின் அறையில். மனிதர்களுக்கு ஒரேயொரு மின்விசிறி. முதலாளி வந்தால் அதையும் அவர் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

படச்சுருள்களோடு, அந்தப் படங்கள் உருவான கூடத்தின் பழைய புகைப்படங்களும் வந்திருந்தன. நீண்ட மேசைகளில் வரிசையாகப் பெண்கள், கைகளில் வெள்ளை உறை, குனிந்த தலை. வண்ணம் தீட்டியவர்கள் அவர்கள்தான். படத்தின் தொடக்கத்தில் வானளவுக்கு வருவதோ அவர்களுடைய முதலாளியின் பெயர் மட்டும். இனிமேல் கடைசியில் நம் யோகநாதனின் பெயரும் வரும். அந்தப் பெருமகன் இதுவரை தன் மேசைத் தூசியைக்கூடத் துடைத்ததில்லை.

முந்தின நாள்தான் சுகந்தினி அதைக் கண்டாள். ஆட்டுக்குட்டியின் காதில், வண்ணத்துக்குள்ளேயே ஒரு பெருவிரல் அடையாளம். உறையைக் கழற்றிய எவளோ ஈரத்தில் தொட்டிருக்கிறாள். ஃபிலிமில் படிந்த அழுக்கை எடுக்கலாம், தீட்டிய வண்ணத்தில் கை வைக்கக்கூடாது என்பது வெளிநாட்டாரின் கட்டளை. அதனால் சுகந்தினி அதை அப்படியே விட்டாள். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"கை வேர்த்திருக்கும், பாவம்," என்றாள் பத்மாசனி.

இன்றைக்கு இந்தப் பாதுகாப்பு வேலையைப் படம்பிடிக்கக் கொழும்பிலிருந்து கமராக்காரர் வருகிறார்கள். முதலாளி புதுச் சட்டையோடும், தங்கை மகன் கோகுலனோடும் வந்து இறங்கினார். நேரே சுகந்தினியின் திரைக்குப் போனார்.

"இதென்ன ஊத்தை?"

"ஊத்தை இல்லை சேர். வண்ணம் தீட்டின பிள்ளையின்ர விரல். அதைத் தொடவேண்டாமெண்டு அவையே சொல்லியிருக்கினம்."

"எனக்குப் படிப்பிக்கிறீரோ? உங்கட ஆக்கள் தோட்டத்தில கைநாட்டு வைச்ச ஆக்கள்தானே. அதுதான் பெருவிரலைக் கண்டவுடன பாசம் பொங்குது."

சுகந்தினியின் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தது.

"ஓம் சேர், கைநாட்டு வைச்சவைதான்," என்றாள் அவள். "அவை வெட்டின காட்டில விளைஞ்ச நெல்லைத்தான் நீங்கள் இந்த மில்லில குத்தினீங்கள். இந்த விரலை நான் அழிக்கமாட்டன்."

"அப்ப எழும்பும். வீட்டை போம். இனி உம்மட கதிரையில கோகுலன் இருப்பான். கமராவுக்கும் ஒரு களையான முகம் வேணும்."

விரல் வெறும் சாக்கு. மருமகனுக்கு ஒரு கதிரை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சுகந்தினியின் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கதிரையால். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முதலாளி கமராக்காரரை வரவேற்க வாசலுக்கு விரைந்தார்.

கோகுலன் தலையைச் சீவிக்கொண்டு கதிரையை நெருங்கினான். அதற்குள் பத்மாசனி இடுப்பிலிருந்த லேஞ்சியை எடுத்து அதில் விரித்துவிட்டாள்.

"ஆள் இருக்கு, தம்பி."

"மாமாதான் இருக்கச் சொன்னவர்."

"மாமாவைக் கேட்டே நாங்கள் இடம் பிடிக்கிறனாங்கள்?"

பின்வரிசையில் வினோஜா சிரித்துவிட்டாள். சிரித்தவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். வரிசை முழுவதும் கைகள் மடியில் வந்து அமர்ந்தன. பேனாவை வைக்குமுன் ஒவ்வொருத்தியும் அதே படத்தைத் தன் திரையில் திறந்துவிட்டிருந்தாள்: எல்லாவற்றிலும் ஆட்டுக்குட்டியின் காது பெரிதாக நின்றது, அந்தப் பெருவிரலோடு.

முதலாளி வாயெல்லாம் பல்லாகக் கமராக்காரரை அழைத்து வந்தார். வரிசையைப் பார்த்ததும் பல் மறைந்தது.

"வேலையைச் செய்யுங்கோ. இல்லையெண்டால் நாளைக்கே இந்த இடத்தைப் பூட்டிப்போடுவன்," என்று பத்மாசனியின் காதோரம் சீறினார்.

அவள் கமராக்காரருக்கும் கேட்கும்படியாகவே பதில் சொன்னாள். "பூட்டுங்கோ சேர். எங்களையும் உள்ளுக்க வைச்சே பூட்டுங்கோ. சுகந்தினி வந்து இந்தக் கதிரையில இருக்குமட்டும் ஒருத்தரும் எழும்பமாட்டம். ஒரு தூசியும் துடைக்கமாட்டம்."

"நாங்கள் இப்ப எதை எடுக்கிறது, ஐயா?" என்று கமராக்காரரில் ஒருவர் கேட்டார்.

முதலாளியின் புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட அன்றைக்கு எவரும் எழும்பவில்லை.

வீதியில் பஸ் வரும் சத்தம் கேட்டது. வாசலில் சுகந்தினி கையை நீட்டப் போனாள். பத்மாசனி இருந்த இடத்திலிருந்தே யன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"சுகந்தினி! அந்த பஸ்ஸை விடு, பிள்ளை. உள்ளுக்க வா. இடம் பிடிச்சு வைச்சிருக்கிறம்!"