பட்டுத்திரை போட்ட தொட்டி

ஜாலான் புசார் சாலையில் ஓர் ஆணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது ஞானசேகரனின் நிறுவனம். ‘உலக உணவின் வருங்காலம்’ என்று பெயரட்டையில் போட்டிருந்தார். மாடியில் இருந்ததோ, பயறளவு இலையோடு டக்வீட் என்ற நீர்ச்செடி மிதக்கும் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலிருந்து நூடல்ஸுக்கு மாவு எடுப்பது திட்டம். துவாஸில் நூடல்ஸ் ஆலை நடத்தும் ரத்தினம்மா வந்து பார்த்துப் பணம் போடச் சம்மதித்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால், அங்கிருந்த ஒரே ஆய்வாளர் அமலா வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ஞானசேகரன் உரத்தை அள்ளிக் கொட்டினார். தொட்டி பச்சைப்பசேலென்று நிறைந்தது.

“சார், தீனி அதிகமானா அது பெருகத்தான் செய்யும், மாவு சேர்க்காது.”

அமலா ஒரு தட்டில் உரமில்லாத தண்ணீர் ஊற்றி, அப்சிசிக் அமிலம் சில சொட்டு விட்டிருந்தாள். கெட்ட காலம் வருது, சேர்த்து வை என்று செடிக்குச் சொல்லும் ஹார்மோன் அது. வளர்வதை நிறுத்திவிட்டு வெளிறிக் கிடந்தது செடி.

“என்னம்மா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி? மேடம் கண்ணுல படக்கூடாது. வெளியே தூக்கி வை.”

தட்டு மொட்டைமாடிக்கு நாடு கடத்தப்பட்டது. அங்கே நல்ல வெயில்.

தொட்டிக்கோ ராஜமரியாதை. ரத்தினம்மா திரை விலக்கும் திறப்பு விழாவுக்காகத் தேக்கா சந்தையில் வாங்கிய கெட்டிப் பட்டுத்திரையால் நாலு பக்கமும் மூடினார். ரத்தினம்மாவுக்கு ஜொகூரில் வேலை வந்து விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. திரை மட்டும் அசையவில்லை.

“சார், இருட்டுல வெச்சா இருக்கிற கொஞ்ச மாவையும் செடியே தின்னு தீர்த்துடும்.”

“திரையை எடுத்துட்டா அவங்க எதைத் திறப்பாங்க? பங்ஷன்னா ஒரு கௌரவம் வேணாமா?”

விழாவன்று நீண்ட வரவேற்புரைக்குப் பின் ரத்தினம்மா கயிற்றை இழுத்தார். கைதட்டல்.

“பச்சை அழகா இருக்கு லா. மாவு எங்கே?”

அமலா சில இலைகளைச் சூடான ஆல்கஹாலில் வெளுத்து, அயோடின் விட்டாள். மாவு இருந்தால் கறுக்கும். இலைகள் தேநீர் நிறத்திலேயே நின்றன.

“மேடம், இதை நாம ஒரு தத்துவமா பார்க்கணும்...” என்றார் ஞானசேகரன்.

“தத்துவத்தைப் பிசைஞ்சு நூடல்ஸ் பிழிய முடியுமா?” ரத்தினம்மா கைப்பையை எடுத்தார்.

“ஆண்ட்டி, கொஞ்சம் இருங்க!”

அமலா ஓடிப்போய் மொட்டைமாடித் தட்டைக் கொண்டுவந்தாள். அந்த இலைகளையும் வெளுத்துச் சொட்டு விட்டாள். கருநீலம் பரவி, மைபோலக் கறுத்தன.

“அடேயப்பா! இதுக்கு என்ன போட்டே?”

“பட்டினி, வெயில், சில சொட்டு ஹார்மோன்.”

“வெளியே வைக்கச் சொன்னது நான்தான், மேடம்,” என்றார் ஞானசேகரன். அதில் பொய்யே இல்லை.

ரத்தினம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. “திங்கட்கிழமை துவாஸுக்கு வாம்மா. ஆலைக் கூரை முழுக்க உனக்குத்தான். என்ன வேணும், சொல்லு.”

“பட்டுத்திரை மட்டும் வேணாம், ஆண்ட்டி,” என்றாள் அமலா. “நிழல் விழும்.”