நெஞ்சில் வைத்த கை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாணைச் சக்கரம் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு சுற்ற, ஒரு கணக்கு வாத்தியாரின் லென்ஸை விளிம்பு தேய்த்து, சட்டத்துக்குள் உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள் சின்னவள். நாற்பத்திரண்டு வயதாகிறது, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, ஆனாலும் வீட்டிலும் கடையிலும் அவள் சின்னவள்தான். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அக்கா இருக்கும்வரை அந்தப் பெயருக்கு மாற்றம் கிடையாது. துடைக்கும் துணியின் மேல் கிடந்த போன் காலையிலிருந்து வாயை மூடவில்லை. அது அதிரும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. இந்த வேலையில் அது ஆகாத காரியம். பல்லைக் கடித்தால் விரல் இறுகும், விரல் இறுகினால் விளிம்பு சிதறும். ஏற்கெனவே ஒன்று சிதறி முதலாளியிடம் முறைப்பு வாங்கியாயிற்று.

போனில் கத்திக்கொண்டிருந்தது ‘கலத்தார்’ குரூப். ‘ஏழாம் கலம்’ என்று ஒரு விண்வெளித் தொடர் இருபது வருடங்களுக்கு முன்னால் டிவியில் வந்தது. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்களில் இன்னும் இறக்கி வைக்காதவர்கள் சேர்ந்த கூட்டம் அது. உள்ளே ஆளுக்கொரு பதவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்வதே பிழைப்பாக இருக்கும் ஒருவர் இங்கே தளபதி. மோட்டார் உதிரிபாகக் கடைக்காரன் ஒருவன் மின்னல். அக்கா பெரிய மாலுமி, இவள் சின்ன மாலுமி. குரூப்பை நிர்வகிக்கும் இருவரில் தளபதி ஒருவர், இவள் இன்னொருத்தி.

சண்டை ஓட்டலைப் பற்றி. நகரத்துக்கு வெளியே பழைய கிடங்கு ஒன்றை வாங்கி, ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே அப்படியே கலத்தைக் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் தங்கலாம். வாசலிலேயே போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அறைச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் திரை, திரையில் நட்சத்திரம். பரிமாறுகிறவன் முதல் படுக்கை விரிக்கிறவன் வரை எல்லாரும் வேடதாரிகள், செத்தாலும் வேடத்தை விட்டு இறங்கமாட்டார்கள். போகிறவர்களும் கதைக்குள் ஒரு பாத்திரமாக இருந்தே தீர வேண்டும். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் குரூப் இரண்டாகப் பிளந்திருந்தது. “ஜன்னல் இல்லாத ரூமுக்கு இவ்ளோ காசா? ஜெயில்ல போய்ப் படுங்க, சும்மாவே கிடைக்கும்” என்று எழுதுவான் மின்னல். “உள்ள முழுசா முங்கினவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்” என்று தளபதி பதில் கொடுப்பார். பத்து நாள் முன்பு கூட்டாகப் போய்வந்த முப்பத்திரண்டு பேரும் தளபதி கட்சி. அதில் அக்காவும் சின்னவளும் அடக்கம்.

இன்று காலை ஓட்டல் நிர்வாகத்தின் அறிவிப்பு ஒன்றைத் தளபதி குரூப்பில் போட்டிருந்தார். ‘விருந்தினர்களின் அனுபவத்துக்கு இடையூறு செய்த சமையலறைப் பணியாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளார். வருந்துகிறோம்.’ அதற்குக் கீழே ஒரே கைதட்டல். அந்தப் பணியாளர் என்ன இடையூறு செய்தாள் என்பது சின்னவளுக்குத் தெரியும். அக்கா சாகாமல் பார்த்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். முதல் நாள் வழக்கம்போல அறையிலேயே போட்டுக்கொண்டு உணவறைக்குப் போனால், கதவில் துப்பாக்கியோடு ஓர் அதிகாரி நிற்கிறான். உணவறை எதிரி கையில் போய்விட்டதாம், மீட்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாதாம். எல்லாருக்கும் குஷி. தொடரின் மூன்றாம் பாகத்தில் வரும் கட்டம் அது. அக்கா மட்டும் அவனிடம் போய், “தம்பி, ஊசி போட்டிருக்கேன், ஏதாவது சாப்பிட்டே ஆகணும்” என்று மெதுவாகச் சொன்னாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, “பசியை வென்றவளே மாலுமி” என்றான். நல்ல வசனம். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். இரண்டாவது முறை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மேல்தளத்தில் எல்லாரும் கூடியிருக்கையில், வியர்த்துக் கொட்டி, ஏதோ உளறி, சரிந்து விழுந்தாள்.

அந்த ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் மூடிய உறையில் ஓர் அட்டை தருவார்கள். கதையில் அவரவர் செய்ய வேண்டியது அதில் இருக்கும், வெளியே சொல்லக்கூடாது. யாரோ ஒருவருக்கு மட்டும் மயங்கி விழச் சொல்லும் அட்டை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தொடரில் மாலுமி ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் வலது கையை நெஞ்சில் வைத்து அசையாமல் நிற்பார்கள். கலத்தின் தலைவன் ‘மீள்க’ என்று சொல்லும்வரை மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. கலத்தார் கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அந்தக் கையோடுதான். அக்கா விழுந்ததும் முப்பத்தொரு கைகள் நெஞ்சுக்குப் போயின. தலைவன் வேடக்காரனும் அட்டைதான் என்று நினைத்துக் குனிந்த தலையோடு நின்றான். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. கிளம்பும்போது நினைவுப் பரிசாகத் தந்த பென்டிரைவில் எல்லாம் வீடியோவாக இருக்கிறது. அதைச் சின்னவள் எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அதில் இவள் மூன்றாம் வரிசையில் நிற்கிறாள், கை நெஞ்சில், கண் கலங்கி, உதட்டில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இவளுக்கு மட்டும் தெரியும். விழும் அட்டை எனக்கு வந்திருக்கக்கூடாதா என்ற பொறாமை அது. கூடப்பிறந்தவள் தரையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இவளுக்குப் பொறாமை! நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அப்போதுதான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ரப்பர் ஏப்ரனும் ஈரக் கையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். குள்ளம். வீடியோவில் அவள் முகம் ஒரு தரம்தான் சரியாகத் தெரியும். தலைவன் குறுக்கே வந்து, “பெண்ணே, நீ எந்தக் கலத்தைச் சேர்ந்தவள்?” என்று முழங்கினான். “நான் பாத்திரம் கழுவுறவய்யா, தள்ளு!” என்று அவன் பூட்ஸ் காலைப் பிடித்து நகர்த்திவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவளும் ஏதோ பாத்திரம் என்று நினைப்பு. ஏப்ரன் பையிலிருந்து காபிக்குத் தரும் சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துப் பல்லால் கிழித்து, அக்காவின் கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். “எங்க மாமியாருக்கும் இப்படித்தான் வரும். அக்கா, அக்கா, இங்க பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சின்னவள் நெஞ்சில் வைத்த கையை அப்போதும் இறக்கவில்லை.

குரூப்பில் ஓடுவது இதன் வெட்டிய வீடியோ. அந்தப் பெண் உள்ளே வருவதற்கு ஒரு விநாடி முன்னால் முடிந்துவிடும். ‘உடம்பு சிலிர்க்குது’ என்று நூறு பேர். ‘அந்த ஏப்ரன் மட்டும் வராம இருந்திருந்தா’ என்று ஏங்கி, மூன்று பேர் நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார்கள். அந்தப் புகாரின் பலன்தான் இன்றைய அறிவிப்பு.

பதினொரு மணிக்குத் தளபதியே கூப்பிட்டார்.

“என்னம்மா, ஒரு வார்த்தை எழுதாம இருக்கே? உங்க அக்கா சீனைப் பத்தித்தானே எல்லாரும் பேசுறாங்க.”

“அது சீன் இல்ல சார். அவ செத்துக்கிட்டு இருந்தா.”

“அதான் சாகலையே. ஆண்டவன் புண்ணியத்துல நல்லாத்தானே இருக்காங்க? இத பாரு, நிர்வாகத்துக்கு நன்றி சொல்லி ஒரு லெட்டர் தயார் பண்ணியிருக்கேன். சம்பந்தப்பட்டவங்க தங்கச்சி நீ. நீ ஒரு கையெழுத்துப் போட்டா விஷயம் அத்தோட முடிஞ்சுது. அடுத்த தடவை நமக்குச் சலுகை தர்றேன்னு சொல்றாங்க.”

“அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சே சார்.”

“ரூல்னு ஒண்ணு இருக்குல்லம்மா? மருத்துவ உதவிக்குன்னு தனியா ஆள் வச்சிருக்காங்க. அவங்களக் கூப்பிட்டிருக்கணும். பாத்திரம் கழுவுற பொண்ணு பாட்டுக்கு மேடைக்கு வந்தா?”

மனுக்களைத் தள்ளுபடி செய்து செய்து பழகிய குரல். சின்னவளுக்குக் காது சுட்டது. சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். வாயில் வந்ததைக் கேட்காமல் விட்டது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஒரு நிமிஷம் நாற்பது விநாடியும் அந்த ஆளும் அவளுக்கு முன்வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் தையல் கடைக்குப் போனாள் சின்னவள். பள்ளிக்கூடச் சீருடைக் காலர்கள் குவியலாகக் கிடக்க, அக்கா மிஷினில் குனிந்திருந்தாள். மேலே ஆணியில் இரண்டு மாலுமி உடுப்புகள். அக்கா ஒரு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து தைத்தவை. பெரியதன் கழுத்துப் பட்டையில் அந்தப் பெண்ணின் ஈரக் கை பட்ட சோப்புக் கறை இன்னும் இருந்தது.

“முழு வீடியோவையும் குரூப்ல போடப் போறேன்க்கா. அந்தப் பொண்ணு பண்ணது எல்லாருக்கும் தெரியட்டும்.”

மிஷின் நின்றது. “வேணாம்டி.”

“அவ இல்லன்னா நீ இன்னிக்கு இல்ல.”

“வேற யாராவது வந்திருப்பாங்க.”

“யாரும் வரல. நானே வரல!”

“நீ எப்படி வருவ? அட்டைன்னு நெனச்ச. உன் எடத்துல நான் இருந்தாலும் அப்படியேதான் நின்னிருப்பேன்.” அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கீழ கெடக்கும்போது எல்லாம் மசமசன்னு இருந்துச்சு. ஆனா உங்க எல்லார் கையும் தெரிஞ்சுது. அத்தனை பேரும் எனக்காக நின்னீங்க. உங்க மாமா செத்த அன்னிக்குக்கூட வீட்டுல எட்டுப் பேருதான். எனக்காக இத்தனை பேர் எந்திரிச்சு நின்னதே இல்லடி. அதைப் போயி அசிங்கமாக்கிடாத.”

மன்னிப்பைவிட மோசமாக இருந்தது அது. திட்டியிருந்தால், ஏண்டி நின்னே என்று மயிரைப் பிடித்து உலுக்கியிருந்தால், சின்னவள் காலில் விழுந்து அழுதிருப்பாள். இதற்கு என்ன செய்வது? “சாவு அது, மரியாதை இல்ல. புரியுதா உனக்கு?” என்று கத்தினாள். வாசலில் துணி அளவு கொடுக்க வந்த அம்மாள் ஒருத்தி அப்படியே திரும்பிப் போனாள். அக்கா அடுத்த காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

“அவ பேராச்சும் கேட்டியாக்கா?”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. பின்வாசல் காரில் அக்காவை ஏற்றும்போது அந்தப் பெண் செருப்பைக்கூட எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதும் சின்னவள் நன்றி சொன்னாளா என்பது நினைவில்லை. பத்து நாளாக நியாயம் பேசத் துடிக்கும் மனதுக்கு, யாருக்காகப் பேசுகிறோம் என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. தெருவில் நடக்கும்போது இந்த நினைப்பு செருப்புக்குள் புகுந்த கல்லாகக் குத்திக்கொண்டே வந்தது.

கடைக்கு வந்ததும் வராததுமாக, பில் போடும் கணினியில் பென்டிரைவைச் செருகி, முழு வீடியோவையும் போனுக்கு மாற்றி, குரூப்பில் போட்டாள். வேகமாக எழுதினாள்.

‘இதில் மூன்றாம் வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பது நான். விழுந்து கிடப்பது என் அக்கா. அவள் நடிக்கவில்லை. முப்பத்தொரு பேர் வேடிக்கை பார்த்தோம், பாத்திரம் கழுவுகிற ஒருத்தி காப்பாற்றினாள். அவளை வேலையை விட்டு எடுத்திருக்கிறார்கள், நீங்கள் கைதட்டுகிறீர்கள். அவள் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இன்றே கடிதம் எழுதப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் கீழே உங்கள் சொந்தப் பெயரை எழுதுங்கள். பதவி வேண்டாம், பெயர்.’ கடைசியில் தன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதினாள்.

ஐந்து நிமிஷம் குரூப் செத்துக் கிடந்தது. காலையிலிருந்து அலறிய போன் முதல்முறையாக வாயை மூடியது. வாத்தியாரின் இரண்டாவது லென்ஸை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள். பாதி தேய்ப்பதற்குள் போன் அதிர்ந்தது. மின்னல். ‘நான் அப்பவே சொன்னேனா இல்லையா? காசைக் கொட்டிச் சாவை வாங்கப் பாத்திருக்கீங்க.’ அவ்வளவுதான். சொல்லிக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷம், பெயர் எழுதவில்லை.

அடுத்தது தளபதி. பெயர் இல்லை, வார்த்தையும் இல்லை. குரூப்புக்கென்றே யாரோ வரைந்த சின்னப் படம், நெஞ்சில் வைத்த ஒரு கை. அதற்குக் கீழே இன்னொருவர், அதே கை. சமையல் எரிவாயு ஏஜென்சிக்காரர், கை. பேங்க் அம்மாள், கை. புகார் எழுதிய மூன்று பேரில் ஒருவன், கண்ணீர்த் துளியோடு ஒரு கை. மளமளவென்று வந்து விழுந்தன. சின்னவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஈர விரலால் திரையைத் தள்ளித் தள்ளி ஒரு பெயரைத் தேடினாள். ஒரே ஒரு பெயர் போதும் அவளுக்கு. கையெழுத்துக் கேட்டவளுக்குக் கையைக் கொடுக்கிறார்கள்! “டேய், எவனாவது இறக்குங்கடா அந்தக் கைய!” என்று வாய்விட்டே கத்திவிட்டாள். முன்னறையில் முதலாளி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

கைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. பெரிய மாலுமி வெளியேறினார்.

அவள் அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காதிலிருந்து போனை இறக்கிப் பார்த்தபோது, அந்த வரி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னும் கைகள் வந்துகொண்டிருந்தன.